அட்டையில் எழுதிய கல்யாணம்

எங்கள் தெருவில் கைக்குழந்தை இறந்தால் முதலில் எங்கள் கதவைத்தான் தட்டுவார்கள். பாதிரியாருக்கு ஆள் போவது அதற்குப் பிறகு. அம்மா எதுவும் கேட்கமாட்டாள். கையைக் கழுவுவாள், வெள்ளை கிரேப் காகிதத்தை எடுப்பாள், அடுப்பில் மெழுகை உருக்குவாள். ஒரு மணி நேரத்தில் கிரீடம் தயாராகிவிடும். மெழுகில் முக்கிய ஒன்பது காகிதப் பூ, பின்னால் தொங்கும் ஒரு வெள்ளை நாடா. எங்கும் முடிச்சு இருக்காது. முடிச்சு இருந்தால் குழந்தை மேலே போகமுடியாமல் இங்கேயே மாட்டிக்கொள்ளும். அதைக் குழந்தையின் தலையில் வைத்த நிமிடத்திலிருந்து அம்மா அதற்கு ஞானத்தாய், பெற்றவளுக்குக் கொமாத்ரே, பிள்ளையால் வந்த உறவு. கூடப்பிறந்தவளிடம் சொல்லாததையும் கொமாத்ரேயிடம் சொல்லலாம். காசு பற்றிய பேச்சே வராது. தேவதையாகப் போகிற குழந்தைக்குக் கட்டுவதற்கு எங்கள் ஆட்கள் யாரும் காசு வாங்குவதில்லை.

சாந்தியாகோ தே காலி நகரத்தின் கிழக்கு ஓரம் எங்கள் பகுதி. சைஹா ஆற்றங்கரையிலிருந்து ஆயுதக் கும்பல்களின் துப்பாக்கிக்குப் பயந்து ஓடிவந்த கறுப்புக் குடும்பங்கள்தான் தெரு முழுக்க. அங்கே அம்மாவுக்கு இருந்த ஒரே மரியாதை இந்தக் கிரீடம். மற்ற நேரத்தில் அவள் நகரத்தின் தெற்கே ஒரு பணக்கார வீட்டில் சமையற்காரி. எமெரித்தா என்ற அவள் பெயரை அந்த வீட்டில் யாரும் முழுதாகச் சொன்னதில்லை. எங்கள் தெருவில் அவளுக்குப் பதினோரு கொமாத்ரேக்கள் இருந்தார்கள்.

போன ஆகஸ்ட் வரைக்கும் இருந்தார்கள். அதற்குப் பிறகு நடந்ததற்கு நான்தான் காரணம்.

அம்மா வழியிலும் அப்பா வழியிலும் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் நான். வணிக நிர்வாகம் படித்தேன். பட்டம் கண்ணாடிச் சட்டத்துக்குள் குளிர்பெட்டிக்கு மேலே தொங்குகிறது. ஒரு வருடம் வேலை தேடினேன். ஒரு நேர்காணலில், "முடிய இழுத்துக் கட்டிட்டு வர முடியுமா, கொஞ்சம் பாக்குற மாதிரி இருக்கும்" என்றான் ஒருவன். இன்னொருத்தி என் முகவரியைப் பார்த்துவிட்டுப் பேனாவை மூடி வைத்தாள். தெருவில் எல்லோரும் என்னை டாக்டரம்மா என்று கூப்பிட்டார்கள். எங்கள் நாட்டில் பட்டம் வாங்கிய எவரையும் அப்படித்தான் கூப்பிடுவது. வேலையில்லாதவளை அப்படிக் கூப்பிட்டால் அது எப்படி இருக்கும் என்று யாரும் யோசிக்கவில்லை.

அந்தப் பெயரை அதிகம் சொன்னவள் ஓஃபிர் அக்கா. நான்கு வீடு தள்ளி இருந்தாள், முப்பத்தைந்து வயது, ஆற்றுப் பெண்கள் ஐந்து பேர் சேர்ந்த பாட்டுக் குழுவில் முன்குரல். அவளுடைய பையன் ஹைனெர் ஐந்து வருடத்துக்கு முன்னால் காய்ச்சலில் போனான். அப்போது அவனுக்குப் பதினோரு மாதம். அம்மாதான் கிரீடம் கட்டினாள். அன்று முழுவதும் எல்லோரும் பாடினார்கள், கைகோத்து ஆடினார்கள், ஓஃபிர் அக்காவும் பாடினாள். பெற்றவள் அழக்கூடாது. அவள் கண்ணீர் பட்டால் குழந்தையின் சிறகு நனைந்துவிடும், அதனால் பறக்க முடியாது. அன்றும் அவள் அழவில்லை, அதற்குப் பிறகும் அவள் அழுது யாரும் பார்த்ததில்லை.

விழாவில் எனக்குக் கடை கிடைத்ததும் அவளால்தான். ஆகஸ்ட் மாதம் ஐந்து நாள் நடக்கும் கறுப்பர் விழா அது. பசிபிக் கரையின் பாட்டு, சாப்பாடு, கைவேலை எல்லாம் ஒரே மைதானத்தில். கடை போடுவதற்கு ஆற்று மக்கள் சங்கத்தின் கையெழுத்து வேண்டும். ஓஃபிர் அக்கா நான்கு முறை நடந்து அதை வாங்கிக்கொடுத்தாள்.

"நல்லா வித்தா எனக்கு ஒரு தொப்பி வாங்கித் தா, டாக்டரம்மா," என்றாள். "விக்கலேன்னா நீயே ஒரு தொப்பி போட்டு மூஞ்சிய மறச்சுக்கோ."

அம்மா ஒரு மாதமாக ராத்திரிச் சமையல் முடித்துப் பூக்கள் செய்தாள். சிவப்பு, மஞ்சள், ஊதா. மாதா சொரூபத்துக்கு வைக்கும் கொத்துகள், சுவரில் மாட்டும் வளையங்கள், கொண்டை ஊசிகள்.

"இதுல எத வேணா வித்துக்கோ," என்றாள். "வெள்ளக் கிரீடம் மட்டும் கிடையாது."

"நான் கேக்கவே இல்லையே."

"கேக்குறதுக்கு முன்னாடி சொல்றேன். நீ படிச்சவ, எதையாவது யோசிப்ப."

கடைக்காரர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி வைத்தார்கள். வெள்ளைச் சட்டை போட்ட ஒரு அம்மாள் வந்து, மக்கள் பொருளை வாங்குவதில்லை, பொருளின் கதையை வாங்குகிறார்கள் என்றாள். ஒவ்வொரு பொருளோடும் ஒரு சின்ன அட்டை தொங்க வேண்டும், அதில் மூன்று வரியில் கதை இருக்க வேண்டும். எனக்குப் பக்கத்துக் கடை வில்பெருடையது. கரிபியன் கரைக்காரன், பெண்கள் தலையில் கட்டும் பூப்போட்ட துணிகள் விற்பவன். அவன் கையைத் தூக்கினான்.

"அப்ப துணிய வீட்லயே வெச்சிட்டு, கதைய மட்டும் எடுத்துட்டு வரலாங்களா? பஸ்ல சொமையாவது கொறையும்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. நான் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். இதைத்தானே நான்கு வருடம் படித்தேன், இது எனக்குத் தெரியும் என்ற திமிர்.

புதன்கிழமை விழா தொடங்கியது. ஓஃபிர் அக்கா காலையிலேயே வந்து பூ வளையங்களைக் கம்பியில் மாட்டித் தந்தாள். மாட்டும்போதே பாடினாள், போகிறவன் வருகிறவனை எல்லாம் கூப்பிட்டாள். அவள் போனதும் கடை ஊமையாகிவிட்டது. மக்கள் வந்தார்கள், தொட்டுப் பார்த்தார்கள், அழகு என்றார்கள், போனார்கள். வில்பெரின் கடையில் மூன்று வரிசை கூட்டம். வாங்கும் பெண்களுக்கு அவனே துணியைத் தலையில் சுற்றிக் கட்டிவிட்டான், கண்ணாடியைக் காட்டினான்.

"தலையில வைக்கிறதுதான் போகும், பொண்ணே," என்றான் சாயங்காலம். "சுவத்துல மாட்டுறத எவன் செல்ஃபி எடுப்பான்?"

வியாழக்கிழமை மதியம் தலைநகர் போகோத்தாவிலிருந்து வந்த ஒரு பெண் கொண்டை ஊசி ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "தலை முழுசுக்கும் ஏதாவது இருக்கா? கிரீடம் மாதிரி?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். "அரை மணி நேரம் கழிச்சு வாங்க," என்றேன்.

முதலில் ஊதாவில்தான் கட்டினேன். என் கைக்குத் தெரிந்த கிரீடம் ஒன்றுதான். பத்து வயதிலிருந்து அம்மாவுக்கு இதழ் வெட்டிக் கொடுத்திருக்கிறேன், கரண்டிக் காம்பால் இதழ் சுருட்டியிருக்கிறேன். ஒன்பது பூ வந்தது, நாடா வந்தது, முடிச்சுப் போட விரல் போகவில்லை. அந்தப் பெண் திரும்பி வந்தாள், தலையில் வைத்தாள், ஃபோனில் பார்த்தாள். "கலர் கொஞ்சம் அடிக்குது. வெள்ளைல பண்ணித் தருவீங்களா?"

அம்மா தனியாகக் கட்டி வைத்திருந்த வெள்ளைக் காகிதம் வீட்டில் இருந்தது. நான் அதைத் தொடவில்லை. மைதானத்துக்கு வெளியே இருந்த கடையில் புதிதாக வாங்கினேன். அம்மாவுடையதை எடுக்கவில்லை, அதனால் அம்மாவுக்குத் துரோகம் செய்யவில்லை என்று அப்போது நினைத்தேன். இப்படித்தான் நினைக்க முடிந்தது என்று எழுதவே கூசுகிறது.

வெள்ளையில் கட்டியதும் அவள் வாங்கினாள். அவள் போட்டுக்கொண்டு நடந்ததைப் பார்த்து இன்னும் இருவர் வந்தார்கள். அட்டை தொங்கவிட வேண்டும். பேனாவை எடுத்து எழுதினேன்:

சைஹா ஆற்றுப் பெண்கள் தங்கள் திருமண நாளில் சூடும் மலர்க் கிரீடம். ஒன்பது மலர்கள், ஒன்பது ஆசிகள். மெழுகு பூசியது, வாடாது.

கடைசி வரி மட்டும் உண்மை.

உண்மையை எழுதினால் யார் வாங்குவார்கள்? செத்த பிள்ளைக்குப் போடுவது என்று எழுதி ஒரு கிரீடம் விற்க முடியுமா? அந்த வெள்ளைச் சட்டை அம்மாள் கேட்ட கதை அழுகிற கதை இல்லை, படத்துக்கு ஏற்ற கதை. எனக்கு அவள்மேல் கோபம் வந்தது, அந்தக் கோபத்தோடேயே அவள் கேட்டதைச் செய்தேன். யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன். வாங்குகிறவர்கள் வெளியூர்க்காரர்கள், வெளிநாட்டுக்காரர்கள். அந்த மைதானத்தில் இருந்த கூட்டத்தில் பாதிப்பேர் எங்கள் ஆறுகளிலிருந்து வந்தவர்கள் என்பது கண்ணெதிரே தெரிந்தது. அவர்களை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. நான்கு வருடப் பாடத்தில் வந்த வாடிக்கையாளருக்கு எங்கள் முகம் இருந்ததே இல்லை.

வெள்ளிக்கிழமை காலை கடை திறந்ததிலிருந்து கை ஓயவில்லை. மண்ணெண்ணெய் அடுப்பில் மெழுகு, மடியில் காகிதம். வயதான ஒரு அம்மாள், எங்கள் பக்கத்து முகம், கடையைத் தாண்டிப் போனவள் நின்றாள். வரிசையாகத் தொங்கிய கிரீடங்களைப் பார்த்தாள். நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டு, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள்.

"உன் பூவுக்குச் சிலுவையெல்லாம் போடுறாங்க," என்றான் வில்பெர். "நானும் ரெண்டு நாளா பாக்குறேன், என் துணிய ஒருத்தியும் கும்பிட மாட்டேங்கிறா."

அவனுக்கு அர்த்தம் தெரியாது. எனக்குத் தெரியும். தலையைக் குனிந்து அடுத்த பூவைச் சுருட்டினேன்.

அன்று வீட்டுக்குப் போனதும் அம்மா வீங்கிய காலை வாளித் தண்ணீரில் வைத்துக்கொண்டு கேட்டாள். "போச்சா?"

"போச்சும்மா. நல்லாவே போச்சு."

"எது போச்சு?"

"கொண்டை ஊசி."

அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். "நான் சொன்னேன்ல. மஞ்சள் ஊசிதான?" என்றாள். "சனிக்கெழம அர நாள்தான் வேல. மத்தியானத்துக்கு மேல நானும் வரேன். ஓஃபிர் பாடுறதையும் கேக்கணும்."

வராதே என்று சொல்ல ஒரு காரணமும் கிடைக்கவில்லை. மூன்று மணிக்குள் மிச்சத்தை விற்றுவிட்டு, கம்பியில் மறுபடி வண்ண வளையங்களை மாட்டிவிடலாம் என்று திட்டம் போட்டேன். திட்டம் போடுவதில் எனக்குப் பட்டமே இருக்கிறது.

சனிக்கிழமை உச்சி வெயிலில் ஒரு தம்பதி வந்தார்கள். கறுப்பர்கள்தான், தலைநகரிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். கணவன் மார்பில் துணித் தூளியில் ஒரு பெண் குழந்தை, வயது ஒன்றுகூட ஆகியிருக்காது. அட்டையைச் சத்தமாக மனைவிக்குப் படித்துக் காட்டினான். அவன் குரலில் என் பொய் ரொம்ப அழகாக இருந்தது.

"எங்க தாத்தா இந்தக் கரைலேர்ந்து வந்தவருதான். எந்த ஆறுன்னுகூட எங்களுக்குத் தெரியாது," என்றான். "நம்ம பக்கத்துல இருந்து ஏதாவது ஒண்ணு இவளுக்குப் போடணும்னு ஆச. சின்னதா ஒண்ணு கட்டித் தருவியா, தங்கச்சி?"

என் கை நின்றது. அதை நான் ஒளிக்கப்போவதில்லை, நின்றது. பெரியவர்கள் தலையில் இருந்தவரை அது வேறு ஏதோ என்று ஏமாற்றிக்கொள்ள முடிந்தது. குழந்தையின் தலைக்கு அளவெடுத்தால் அது அதேதான். இது வேண்டாம் அண்ணா, இந்த மஞ்சள் ஊசியை வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல எனக்கு ஒரு மூச்சு நேரம் இருந்தது. அவன் மனைவி குழந்தையின் தொப்பியைக் கழற்றி, தலையை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். நூலைச் சுற்றி அளவெடுத்தேன். சூடாக இருந்தது தலை. கால் மணி நேரத்தில் கட்டிக் கொடுத்தேன். குழந்தை நாடாவைப் பிடித்து வாயில் வைத்தது. வில்பெர்கூட எட்டிப்பார்த்து, "ராணியம்மா கெளம்பிட்டாங்க, வழி விடுங்க" என்றான்.

மூன்று மணிக்குத்தான் ஓஃபிர் அக்கா வந்தாள். நீலப் பாவாடை, வெள்ளை ரவிக்கை, கையில் விதைகள் குலுங்கும் மூங்கில் குழல். நான்கு மணிக்கு மேடை. குழுப் பெண்கள் நால்வரும் பின்னால் நின்றார்கள். அந்த நேரம் பார்த்து என் கடை முன் விழா அலுவலகத்திலிருந்து ஒரு பெண் பதிவேட்டோடு நின்றிருந்தாள். அடுத்த வருடம் யாருக்கு முன்வரிசைக் கடை கொடுப்பது என்று தீர்மானிக்கிறவள். கிரீடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "இதத்தான் எல்லாரும் போட்டோ எடுக்குறாங்க" என்று எழுதிக்கொண்டிருந்தாள்.

ஓஃபிர் அக்கா அவளைப் பார்க்கவில்லை. தொங்கிய அட்டைகளில் ஒன்றைப் பிடித்துப் படித்தாள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள், அதனால் ஒவ்வொரு சொல்லும் தனியாக விழுந்தது.

"திருமண... நாளில்... சூடும்." நிமிர்ந்தாள். "யாருக்குக் கல்யாணம், தெயனிரா?"

அவள் என் பெயரைச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

"அங்க சாப்பாட்டுக் கடைகிட்ட ஒரு பிள்ளையப் பாத்தேன்," என்றாள். "அப்பன் நெஞ்சுல உக்காந்து சிரிக்குது. தலையில இது. நான் ஒரு நிமிஷம் அது செத்த பிள்ளன்னு நெனச்சேன். செத்த பிள்ள எப்படி சிரிக்கும்னு நின்னேன். என்னைப் புடிச்சு இழுத்துட்டு வந்தாங்க. யார் கட்டினது இது?"

அலுவலகப் பெண் எழுதுவதை நிறுத்தினாள். நான் கட்டினேன் என்ற இரண்டு சொல் போதும். அந்தப் பெண்ணின் பேனாவைப் பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை.

"எமெரித்தாவா? என் கொமாத்ரேயா கட்டினாங்க?"

அப்போதும் நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு அம்மா வந்தாள். வேலை வீட்டுச் சீருடையை மாற்றாமல், கையில் எனக்கான சாப்பாட்டுப் பாத்திரத்தோடு. சிரித்துக்கொண்டேதான் வந்தாள். கம்பியில் தொங்கியதைப் பார்த்ததும் சிரிப்பு போனது. பிறகு என் விரல்களைப் பார்த்தாள். மெழுகு பட்டுச் சிவந்திருந்த நுனிகளைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

"கொமாத்ரே," என்றாள் ஓஃபிர் அக்கா. "இது நீங்க கட்டினதா?"

அம்மா பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "எங்க வீட்டுக் கைதான் கட்டினது, கொமாத்ரே."

"நீங்களான்னு கேட்டேன்."

"எங்க வீட்டுக் கைதான்."

அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. பொய்யும் சொல்லவில்லை. நான் பேச வேண்டிய இடத்தை எனக்காக விட்டு வைத்தாள் என்று இப்போது புரிகிறது. நான் மேஜைமேல் சிதறிக்கிடந்த இதழ்களைக் கூட்டிக்கொண்டிருந்தேன்.

"அப்ப என் பிள்ளைக்கு வெச்சது என்னது?" என்றாள் ஓஃபிர் அக்கா. "அதுக்கும் ஒரு அட்டை எழுதியிருந்தா நானும் படிச்சிருப்பேனே."

சொல்லி முடிக்கும்போதே அவள் முகம் உடைந்தது. முதலில் சத்தம் வரவில்லை, தண்ணீர்தான் வந்தது, ஐந்து வருடத் தண்ணீர். குழுப் பெண்கள் பயந்துபோனார்கள். ஒருத்தி அவள் கன்னத்தை இரண்டு உள்ளங்கையாலும் துடைத்தாள். "வேணாம்டி, வேணாம், பிள்ள நனைவான், நிறுத்து." இன்னொருத்தி பாவாடையின் ஓரத்தைத் தூக்கி அவள் முகத்தை மூடினாள். அப்படியே மூடி அழைத்துக்கொண்டு போனார்கள். அலுவலகப் பெண் பதிவேட்டை மூடிக்கொண்டு நகர்ந்துவிட்டாள்.

அம்மா ஒவ்வொரு கிரீடமாகக் கம்பியிலிருந்து இறக்கினாள். "எத்தன பேரு தலையில போயிருக்கு?"

"முப்பதுக்கு மேல."

"பிள்ளைக்குக் கட்டினியா?"

"ஒண்ணு."

அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. "வா," என்றாள்.

சாப்பாட்டுக் கடைகளின் பக்கம் தேடினோம். பொரித்த மீனும் தேங்காய்ப்பாலும் கரும்புச் சாராயமும் மணக்கும் கூட்டத்துக்குள், எங்கே திரும்பினாலும் யாராவது ஒருத்தி தலையில் நான் கட்டிய வெள்ளை ஆடியது. தம்பதி ஒரு நீள மேஜையில் உட்கார்ந்திருந்தார்கள். குழந்தை தூங்கிவிட்டிருந்தது. கண்மூடி, கிரீடத்தோடு, அப்பாவின் மார்பில். அதைப் பார்த்த அம்மா ஒரு கணம் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

நான்தான் சொன்னேன். அங்கே சொல்ல வாய் வந்தது. "அண்ணா, அதக் கழட்டிருங்க. அது கல்யாணத்துக்கு இல்ல. எங்க ஆத்துல செத்த கொழந்தைக்குப் போடுறது."

அவன் மனைவி கிரீடத்தைப் பிடுங்கி எடுத்தாள். எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். குழந்தை விழித்து அழ ஆரம்பித்தது.

"நீதான எழுதியிருந்த," என்றான் அவன். "நான் படிச்சுக் காட்டினேனே. நீ அளவெல்லாம் எடுத்தியே."

"ஆமா."

"இப்ப என்ன பண்ணணும்? எம் பொண்ணுக்கு என்ன பண்ணணும், சொல்லு. உனக்குத் தெரியும்ல. நீங்கதான அந்த ஆத்துக்காரங்க. எங்களுக்கு என்ன தெரியும்?"

எனக்குத் தெரியாது. உயிரோடு இருக்கும் குழந்தைக்கு அதைப் போட்டவர்கள் எங்கள் ஆற்றில் யாரும் கிடையாது. அதனால் அதற்கு மாற்றும் யாரும் யோசித்து வைக்கவில்லை. அம்மா முன்னால் வந்தாள். அந்தப் பெண்ணின் கையிலிருந்து கிரீடத்தை வாங்கினாள். குழந்தையை எடுத்துத் தோளில் போட்டு முதுகைத் தட்டினாள். நெற்றியில் கட்டைவிரலால் சிலுவை வரைந்தாள்.

"ஒண்ணும் ஆகாது, தம்பி. பயப்படாத," என்றாள். "இது வெறும் காகிதம். காகிதமும் மெழுகும். வேற ஒண்ணும் கிடையாது இதுல. பாரு." கிரீடத்தை அவர்கள் கண்முன்னால் இரண்டாகக் கிழித்தாள். "பாத்தியா? வெறும் காகிதம்."

அவன் மூச்சு கொஞ்சம் தணிந்தது. குழந்தையை வாங்கிக்கொண்டான். நன்றி சொல்லவில்லை, ஏன் சொல்ல வேண்டும்.

திரும்பியபோது ஓஃபிர் அக்கா எங்களுக்குப் பின்னால் நின்றிருந்தாள். முகம் கழுவுவதற்காகக் குழுப் பெண்கள் அவளைச் சாப்பாட்டுக் கடைத் தண்ணீர்க் குழாய்க்குக் கூட்டிவந்திருந்தார்கள். அம்மா சொன்னதை ஐந்து பேரும் கேட்டுவிட்டார்கள். அம்மா அவளை நோக்கி ஒரு அடி வைத்தாள். ஓஃபிர் அக்கா ஈரக் கையை உதறிக்கொண்டு எதிர்ப்பக்கம் நடந்தாள்.

நான்கு மணிக்கு ஒலிபெருக்கியில் அவர்கள் குழுவின் பெயரைச் சொன்னார்கள். கடையைப் பிரித்துக் கட்டிக்கொண்டே கேட்டோம். முன்குரல் வேறு யாருடையதோ.

ஒரு வாரம் கழித்து ஓஃபிர் அக்கா வீட்டுக்குப் போனேன். உள்ளே வா என்று அவள் சொல்லவில்லை. வாசலில் நின்றே எல்லாவற்றையும் சொன்னேன். நான்தான் கட்டினேன், அம்மாவுக்குத் தெரியாது, அம்மா முதலிலேயே கூடாது என்றாள், அன்று நான் கோழையாக நின்றேன். அவள் துணி மடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நீ சொல்றது நெசமாத்தான் இருக்கும்," என்றாள். "கட்டினது நீன்னு அன்னைக்கே சொல்லியிருந்தா உன் முடியப் புடிச்சு நாலு அடி வெச்சிட்டு, சாயங்காலம் மேடையேறிப் பாடியிருப்பேன். ஆனா வெறும் காகிதம்னு சொன்னது நீ இல்லையே."

"அது அந்தாளு பயத்துல இருந்தான்னு சொன்னது, அக்கா. அவனச் சமாதானப்படுத்த."

"என் பிள்ளைக்கும் அன்னைக்கு என்னைச் சமாதானப்படுத்தத்தான் வெச்சாங்களா? யாருக்கு எது பொய்யின்னு நான் எப்படிக் கண்டுபுடிக்கிறது?" ஒரு சின்னச் சட்டையை மடித்தாள், அக்கம்பக்கத்துப் பிள்ளையினுடையது. "இப்பல்லாம் ராத்திரி ஒக்காந்து யோசிக்கிறேன், தெயனிரா. அவன் போய்ச் சேந்தானா இல்லையான்னு. அஞ்சு வருஷமா அத யோசிக்கவே தேவையில்லாம இருந்துச்சு."

நான்கு வருடம் படித்ததில் அதற்கு ஒரு வரி இல்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம், நீயே ஒரு தடவை போய்ப் பேசு என்றேன். அவள் போகவில்லை. “வெறும் காகிதம்” என்ற பேச்சு அதற்குள் தெரு முழுக்கப் பரவியிருந்தது. அவள் அப்படிச் சொன்னது உண்மை, அதை யாருக்காகச் சொன்னாள் என்று விளக்கிக்கொண்டு வாசல் வாசலாகப் போகமாட்டாள். என்மேல் கத்தவும் இல்லை. கத்தியிருந்தால் நானும் திருப்பிக் கத்தியிருப்பேன். உன் மரியாதை சோறு போடுமா, நீ சமைக்கிற வீட்டில் உனக்குத் தட்டு வைக்கிறார்களா என்றெல்லாம் கேட்க எனக்குள் நிறைய இருந்தது. எதற்கும் அவள் இடம் கொடுக்கவில்லை. வழக்கம்போல விடியலில் பஸ் ஏறினாள்.

நவம்பரில் மூன்று வீடு தள்ளி ஒரு குழந்தை இறந்தது. இரண்டு மாத ஆண் குழந்தை. எங்களுக்கு அது காலையில் ரொட்டிக்கடையில்தான் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் அம்மா வீட்டில் இருந்தாள். கையைக் கழுவினாள். ஈரத்தைத் துடைத்துவிட்டுக் கதவுக்கு எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒன்பது மணி ஆனது, பத்தானது. தெருவில் ஆட்கள் எங்கள் வாசலைத் தாண்டி நாற்காலிகள் தூக்கிக்கொண்டு போனார்கள். பதினோரு மணிக்கு எழுந்து அரிசி களைந்தாள்.

"போலாம்மா," என்றேன்.

"கூப்பிடலையே."

"சாவுக்கு யாரு கூப்பிடுவா?"

"என்னைக் கூப்பிடுவாங்க," என்றாள். "நீ போ. நம்ம வீட்லேர்ந்து ஒரு ஆளாவது போகணும்."

மதியம் போனேன். சின்னக் கூடம், வெள்ளைத் துணி விரித்த மேஜை, சுற்றிப் பெண்கள். ஓஃபிர் அக்கா குழந்தையின் தலைமாட்டில் நின்று பாடினாள், மற்றவர்கள் பதில் பாடினார்கள். எனக்கு இடம் விட ஒருத்தி கொஞ்சம் நகர்ந்தாள், அவ்வளவுதான். குழந்தையின் கிரீடம், தேவாலயத்தில் பிள்ளைகளின் புதுநன்மைச் சடங்குக்கு உடுப்புகள் விற்கும் கடையில் வாங்கியது. பிளாஸ்டிக் பூ, பெரிய பிள்ளைகளுக்கான அளவு. அது சரிந்து சரிந்து கண் வரைக்கும் வந்தது. ஞானத்தாயாக நிறுத்தியிருந்த சின்னப் பெண் ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவில் விரலால் அதை மேலே தள்ளிவிட்டாள். ஒரு நூல் போதும், அளவெடுக்க. என் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். பெற்றவள் அழவில்லை.

நான் திரும்பியபோது அம்மா சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"யாரு ஞானத்தாய்?"

"அவங்க நாத்தனார் பொண்ணு."

"ஓஃபிர் பாடினாளா?"

"பாடினாங்க."

ஆறிப்போன சோற்றுப் பானையை மூடினாள். பிறகு கேட்டாள். "கிரீடம் தலையில சரியா நின்னுதா?"

"நின்னுதும்மா," என்றேன்.